காத்து எந்தப் பக்கம், மாப்ளே?

வா மாப்ளே, வா. அக்கா மகன்னு வாடா போடான்னு கூப்பிட்டே வளத்துட்டேன். எம் மகளைக் கட்டிக்கிட்ட நாள்ல இருந்து மருமகனுக்கு மரியாதை குடுக்கணும்னு வீட்டுல உத்தரவு. அதனால இன்னைக்கு மரியாதையாத்தான் திட்டுவேன். திண்ணையில உக்காரு. அந்த மருந்தடிக்கிற மிஷினை அங்கிட்டு எறக்கி வய்யி.

என்னா கலரு, என்னா மினுமினுப்பு! மானியத்துல எடுத்ததா? சிறு விவசாயின்னு தாசில்தார் சான்று, சிட்டா, அடங்கல், ஆதார், பேங்கு புஸ்தகம்னு வேளாண் பொறியியல் துறை ஆபீசுக்கு ஒரு கட்டுக் காயிதம் சுமந்தயே, மிஷினோட கூடவே அட்டைப்பெட்டியில ஒரு சின்னப் புஸ்தகம் வந்திருக்குமே, அது எங்க? பேரன் கிழிச்சுக் கப்பல் விட்டுட்டானா? சரி, போகட்டும். கப்பலாவது மிதந்துச்சா?

"புஸ்தகம் எதுக்கு மாமா, கைப்பம்பு அடிச்சுப் பழகின கை"ங்கிற. அந்தக் கையை நெனச்சாத்தான் எனக்குக் கிலி. கைப்பம்புல நீ காட்டின சோம்பேறித்தனத்தை எல்லாம் அந்தப் பம்பு பொறுத்துக்கிச்சு. இது பொறுக்காது.

கைப்பம்புத் துளி 200, 300 மைக்ரான். மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. அம்புட்டுப் பெரிய துளி இலையில விழும், மிச்சம் மண்ணுல சொட்டும், கொஞ்சம் உன் கால்ல படும். இந்த மிஸ்ட் புளோயர்ல வர்ற துளி அம்பதுல இருந்து நூறு. தலைமுடி கனம், அம்புட்டுத்தான். அது லேசுல கீழ விழாது. மிதக்கும். எங்க மிதக்கும்? நீ மூச்சு இழுக்கிற எடத்துல.

அதுகூடப் பரவாயில்லை. கலவை எம்புட்டுக் கெட்டின்னு கேளு. கைப்பம்புல ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை அடிப்ப. பத்து லிட்டர் டேங்குன்னா இருவது டேங்கு. இதுல 60 லிட்டர் போதும், ஆறு டேங்கு. ஆனா ஏக்கருக்குப் போக வேண்டிய மருந்து ரெண்டுலயும் ஒண்ணுதான். 400 மில்லின்னு சீட்டுல போட்டிருந்தா, கைப்பம்புக்கு டேங்குக்கு 20 மில்லி. இதுக்கு 65 மில்லிக்கு மேல. புரிஞ்சுதா? உன் முதுகுல இருக்கிற தண்ணி பழைய தண்ணியைக் காட்டிலும் மூணு மடங்கு வெசம். மூடி ஒழுகி முதுகுல எறங்குனா, எறங்குறதும் அதேதான்.

இந்தக் கணக்கு தெரியாம நம்ம ஊர்ல ரெண்டு கூட்டம் திரியுது. ஒரு கூட்டம் பழைய 20 மில்லியையே ஊத்திக்கிட்டு ஆறு டேங்கு அடிக்கும். பூச்சிக்கு மருந்து வாசம் காட்டுற கூட்டம். பூச்சி சாகாது, பழகிக்கும். இன்னொரு கூட்டம் 65 மில்லியும் ஊத்தும், பழைய பாசத்துல இருவது டேங்கும் அடிக்கும். ஏக்கருக்கு 1,300 மில்லி. மருந்துக்கடைக்காரர் வீட்டு விசேசத்துக்கு முன்கூட்டியே மொய் எழுதுற கூட்டம். நீ மூடியில அளந்து, "கை கணக்குக்கு" இன்னொரு அரை மூடி ஊத்துறவன்னு எம் மக சொன்னா. உனக்குத் தனிக் கூட்டம்தான் வைக்கணும்.

மருந்து வாங்குறதுக்கு முந்தி ஒரு நாள் பச்சைத்தண்ணி பத்து லிட்டர் ஊத்தி, மருந்தடிக்கிற நடையிலயே நட. காலியாகிறப்ப எத்தனை சென்ட்டு நனைஞ்சிருக்குன்னு பாரு. பதினாறு, பதினேழு சென்ட்டுன்னா நான் சொன்ன ஆறு டேங்குக் கணக்கு சரி. பத்து சென்ட்டுலயே முடிஞ்சா ஏக்கருக்குப் பத்து டேங்கு ஆகும், அந்த 400 மில்லியைப் பத்தாப் பிரி. குழாய் நுனியில ஒரு திருகு இருக்கே, 1, 2, 3ன்னு நம்பர் போட்டு? தண்ணி எம்புட்டு வரணும்னு அதுதான் முடிவு பண்ணும். நம்பரை மாத்துனா மறுபடியும் பச்சைத்தண்ணி. ஆளை மாத்துனாலும்தான். உங்க அப்பாரு நடைக்கும் உன் நடைக்கும் ஒரே அளவுன்னு எவன் சொன்னான்? அவரு கல்யாணத்துக்கே பைய நடந்து வந்த மனுசன்.

சரி, உடுப்புக்கு வருவோம். நேத்து நீ மருந்தடிக்க நின்ன கோலத்தைப் பாத்தேன். லுங்கி மடிச்சுக் கட்டி, பனியன் கிழிசல், மூஞ்சியில எம் மகளோட ஈரத்துண்டு. நெசமாவே பயம் வந்துச்சு, பூச்சிக்கில்லை, எனக்கு. துண்டு துளியை நிறுத்தாது மாப்ளே, உறிஞ்சி வச்சு மூக்குக்கும் வாய்க்கும் பக்கத்துலயே குடி வைக்கும். மருந்துக் காத்தை வடிக்கிறதுக்குன்னு கரி வச்ச மாஸ்க் இருக்கு, வாங்கு. கொரோனாவுக்குப் போட்ட நீலத்துணியை எடுத்து வராத, அது இருமலுக்கு வந்தது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ். பேன்ட்டை பூட்ஸுக்குள்ள சொருகாம மேல விடு. சொருகுனா வழியிற மருந்து எல்லாம் நேரா பூட்ஸுக்குள்ள போயிக் காலை ஊற வைக்கும்.

லுங்கி விசயம் தனியா. கிட்ட வா, மெதுவாச் சொல்றேன். மருந்து தோலுக்குள்ள எறங்குற வேகம் உடம்புல எல்லா எடத்துலயும் ஒண்ணு இல்லை. சோதிச்சுப் பாத்தவங்க சொன்னது: முழங்கைக்குக் கீழ எறங்குறதைவிட, விதைப்பைத் தோல்ல பத்து மடங்குக்கு மேல எறங்குது. டேங்கு எங்க இருக்கு? முதுகுல. ஒழுகுனா எங்க வரும்? முதுகு வழியா, இடுப்பு வழியா, லுங்கிக்குள்ள. நீ ரெண்டாவது புள்ளைக்குத் திட்டம் வச்சிருக்கன்னு கேள்விப்பட்டேன். டேங்கு மூடி வாசர் சல்லிசாக் கெடைக்கும். மாத்திப்போட்டா சந்ததிக்கு நல்லது.

காதுக்கும் அடைப்பான் வச்சுக்க. இஞ்சின் காதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் கத்துது, நூறு டெசிபலுக்குப் பக்கத்துல. தெனம் அப்படிக் கேட்டா சில வருசத்துல எம் மக கூப்பிடுறது காதுல விழாது. உனக்கு அது சந்தோசமா இருக்கலாம். எனக்கு அவ சத்தம் போட ஆரம்பிச்சா திண்ணையில உக்கார முடியாது.

இப்ப இஞ்சின். ரெண்டு ஸ்ட்ரோக் இஞ்சினுக்குத் தனியா ஆயில் ஊத்துற குழி கெடையாது, பெட்ரோல்லயே கலந்து விடணும். புஸ்தகத்துல 25-க்கு 1ன்னு இருந்தா லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1ன்னா 20 மில்லி. எதுன்னு கப்பல்ல எழுதியிருக்கும், போயித் தேடு. இல்லை டேங்கு மேல ஸ்டிக்கர் இருக்கான்னு பாரு. ஆயில் கம்மியானா பிஸ்டன் காஞ்சு பிடிச்சுக்கும், மிஷின் செத்துச்சு. ஜாஸ்தியானா புகை, பிளக்குல கரி, ஸ்டார்ட் ஆகாது. டூ-டி ஆயில்தான் ஊத்தணும். பைக்குல வடிச்ச பழைய ஆயிலைப் பாதுகாத்து வச்சிருக்கியே, அதை வண்டிச் சக்கரத்துக்கு வச்சுக்க. தனி கேன்ல கலந்து, நல்லாக் குலுக்கி, அப்புறமா ஊத்து. மிஷின் டேங்குக்குள்ள ரெண்டையும் தனித்தனியா ஊத்திட்டுச் சாமி கும்பிட்டா கலக்காது.

பெட்ரோல் ஊத்துறப்ப பீடி வேண்டாம்னு சொன்னா கோவிப்ப. கோவி. இஞ்சினை நிறுத்தி அஞ்சு பத்து நிமிசம் ஆற விடு. சைலன்சர் மேல ரெண்டு சொட்டு சிந்துனா பத்திக்கும். தரையில பத்துனா மண்ணள்ளிப் போடலாம். நீ முதுகுல மாட்டிக்கிட்டே, "டேய், அந்தக் கேனை எடுத்துப் பின்னாடி ஊத்துடா"ன்னு உன் தம்பிகிட்டச் சொல்ற ஆளு. பின்னாடி என்ன நடக்குதுன்னு உனக்கே கடைசியாத்தான் தெரியும்.

ஸ்டார்ட் பண்ணுறதும் தரையிலதான். மட்டமான எடத்துல நிறுத்தி, மருந்து வர்ற திருகு மூடியிருக்கான்னு பாத்து, குளுந்த இஞ்சினுக்குச் சோக்கை மூடு. கயித்தை முதல்ல மெதுவா இழு, பிடிமானம் தட்டும். அங்க இருந்து ஒரே இழுப்பு. விடுறப்ப கையோட கொண்டு போயி விடு. சடார்னு விட்டா உள்ள இருக்கிற ஸ்பிரிங்கு அந்துரும், அப்புறம் மெக்கானிக் கடையில மிஷினும் நீயும் மூணு நாளு. ஸ்டார்ட் ஆனதும் சோக்கைத் தொறந்து ரெண்டு மூணு நிமிசம் மெதுவா ஓட விட்டுட்டுத் தூக்கு. காலி மிஷினே பதினோரு கிலோ. மருந்தும் பெட்ரோலும் சேந்தா இருவது கிலோவைத் தாண்டும். அரிசி மூட்டையைத் தோள்ல ஏத்துற வீரத்தை இதுல காட்டாத. இடுப்பு உசரத் திண்டுல வச்சு, வார்ல கையை விட்டு, எந்திரி. கூட ஒரு ஆளு பிடிச்சா கவுரவம் கொறையாது.

முக்கியமான சங்கதி இனிமேத்தான். மருந்து தொறக்குறதுக்கு முந்தி ஆக்சிலேட்டரை முழுசாக் குடு. காத்து வேகம் இருந்தாத்தான் துளி ஒடையும். பெட்ரோல் மிச்சம் பண்ணுறேன்னு அரை ஆக்சிலேட்டர்ல அடிச்சா தண்ணி சொட்டுச் சொட்டா ஊத்தும். அதுக்குக் கைப்பம்பே போதும், மானியம் எதுக்கு? நிறுத்துறப்ப தலைகீழா: முதல்ல மருந்துத் திருகை மூடு, அப்புறம் ஆக்சிலேட்டரைக் கொறை, அப்புறம் நிறுத்து. இஞ்சினை முதல்ல அமத்திட்டா டேங்குல இருக்கிறது விசிறிக் கூட்டுக்குள்ள எறங்கும். அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணுறப்ப அது எங்க தெளிக்கும்ங்கிற?

இன்னொண்ணு. இந்த மிஷின்ல பம்பு கெடையாது. விசிறிக் காத்துல ஒரு பங்கு சின்னக் குழாய் வழியா டேங்குக்குள்ள போயி மேல இருந்து அமுக்கும், அந்த அமுக்குலதான் மருந்து வெளிய வருது. மூடி சரியா மூடலைன்னா மருந்து ஒரு எடத்துல நனையும், ஒரு எடத்துல நனையாது. ஓடுறப்ப மூடியைத் தொறந்து "எம்புட்டு மிச்சம்"னு எட்டிப் பாத்தா, மிச்சம் மூஞ்சிக்கே வந்து பதில் சொல்லும்.

இந்த அமுக்குச் சங்கதி நம்ம திராட்சைப் பந்தலுக்கு வேற விதத்துல வேலை காட்டும். குழாயை டேங்கு மட்டத்துக்கு மேல தூக்குனா மருந்து வரத்து கொறையும். திராட்சைப் பந்தல்ல தூக்கித்தான் ஆகணும். அதனால பச்சைத்தண்ணி சோதனையைத் தரையில குழாயைத் தொங்கவிட்டுப் பண்ணாத, பந்தலுக்குப் பிடிக்கிற சாய்வுலயே பண்ணு. உசரத்துக்குத் தள்ள பூஸ்டர் பம்புன்னு தனியா மாட்டுறதும் உண்டு, கடையில கேளு. எதுவா இருந்தாலும் தலைக்கு நேர் மேல அடிக்காத. அடிச்சா அது யார் தலையில எறங்கும்? குழாயைச் சாய்ச்சு, எட்டத்துல இருக்கிற இலைக்கு விடு. ஆறடி தள்ளி இருந்தாத்தான் காத்து விரிஞ்சு இலை பெரண்டு அடிப்பக்கமும் நனையும். அடிச்சாம்பல் நோய் இலைக்கு அடியிலதான உக்காந்திருக்கு.

தலைக்கு மேல அடிக்காதன்னு ஏன் சொல்றேன்னு கேளு. 2017-ல மகாராஷ்டிராவுல யவத்மால் மாவட்டத்துல பருத்திக்கு மருந்தடிச்சவங்க இருவது பேருக்கு மேல செத்தாங்க. நூத்துக்கணக்குல ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. அந்த வருசம் செடி ஆள் உசரத்துக்கு வளந்துருச்சு. மூஞ்சி மட்டத்துல, சில எடத்துல தலைக்கு மேல அடிச்சிருக்காங்க. பல மருந்தை ஒண்ணாக் கலந்து வேற. அதே வருசம் நம்ம பெரம்பலூர் பக்கமும் சாவு விழுந்துச்சு. நீ கேலி பண்ணாத இதுல. அவங்க பருத்தியில தலைக்கு மேல அடிச்சது அந்த ஒரு வருசம். நாம பந்தல்ல எல்லா வருசமும் அப்படித்தான் அடிக்கிறோம்.

காத்துக்கு வா. ஆடியில மேகாத்து எப்படி அடிக்கும்னு கம்பம் பள்ளத்தாக்குல பொறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காத்து மேக்க இருந்து வந்தா தோட்டத்துக் கெழக்கு ஓரத்துல ஆரம்பி. வடக்கு தெக்கா நட. குழாய் மூக்கு கெழக்கையே பாக்கட்டும். ஒரு வரிசை முடிஞ்சா மேக்க ஒரு வரிசை தள்ளு. அப்ப நீ எந்நேரமும் அடிக்காத எடத்துலயே நிப்ப, புகை உன்னை விட்டு ஓடும். நீ மேக்க ஆரம்பிச்சு கெழக்கே போனயே நேத்து, நீ அடிச்ச மருந்து உனக்கு முன்னாடியே போயி உனக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. நானும் வரப்புல நின்னு பாத்தேன். சொல்லியிருக்கலாம், ஆனா அப்ப நீ போன்ல பேசிக்கிட்டே அடிச்சுக்கிட்டு இருந்த, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விட்டுட்டேன்.

மூஞ்சியில காத்து இலேசாத் தெரியணும், இலை சலசலக்கணும், அம்புட்டுத்தான். சின்னக் கெளை ஆடுனா மூட்டை கட்டு. காத்தே இல்லைன்னா ரொம்ப நல்லதுன்னு நெனைக்காத, அதுவும் கெட்டது. விடியக்காலையில அடுப்புப் புகை மேல போகாம ஊர் மேல படுத்துக் கெடக்குமே, அன்னைக்கு மருந்தும் அப்படியே கெடக்கும். வெயில் ஏறுன பெறகும் வேண்டாம். துளி இலைக்குப் போறதுக்குள்ள காயும், நீ அதுக்கு முன்னாடியே காஞ்சிருப்ப, வேக்காட்டுல மாஸ்க்கையும் கழட்டிருவ. காலையில பத்துக்குள்ள, இல்லை சாயங்காலம். பூ பூத்திருந்தா சாயங்காலம்தான், தேனீ வீட்டுக்குப் போகட்டும்.

மருந்து டப்பாவுல சாய்சதுரம் ஒண்ணு போட்டிருப்பான், கீழ்ப்பாதியில கலரு. சிவப்புன்னா கடும் வெசம், மண்டையோடும் போட்டிருக்கும். அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. பச்சை கொஞ்சம் சாது, அதுவும் மோர் இல்லை. கலக்குறப்ப டேங்குல பாதித் தண்ணி முதல்ல, அப்புறம் மருந்து, அப்புறம் மிச்சத் தண்ணி. குச்சியால கலக்கு. கையால கலக்கி லுங்கியில தொடச்சு அதே கையால வெத்தலை மடிக்கிறத விடு. டேங்கு வாயில ஒரு வலை இருந்துச்சே? வேகமா ஊத்த முடியலைன்னு கழட்டி எறிஞ்சிட்டியா? நெனச்சேன். போர்டோ கலவை அடிக்கிற ஊரு இது. மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி 100 லிட்டர். சுண்ணாம்புக் கப்பி ஒரு துண்டு போதும், திருகு அடைச்சுக்கும்.

அடைச்சா என்ன பண்ணுவன்னு தெரியும். கழட்டி வாயில வச்சு ஊதுவ. திருவிழாவுல நாயனக்காரர் சீவாளி பதம் பாக்குற மாதிரி, கன்னம் உப்பி, கண்ணை மூடி, அம்புட்டுப் பக்தியோட! அது ஊதுறப்ப வெளிய போகுது, சரி. ஊதி முடிச்சதும் மூச்சு எங்க இருந்து இழுக்கிற? ஈர்க்குச்சி இல்லாத வீடா உன்னது? பழைய பல்தேய்க்கிற பிரஷ் ஒண்ணும் சோப்புத்தண்ணியும் தோட்டத்துல வய்யி. கம்பி, ஆணி விட்டுக் குத்தாத, துளை பெருசாச்சுன்னா உன் ஏக்கர்க் கணக்கே போச்சு.

கந்தகத் தூள் அடிக்கிற குழாய் மாட்டுனா ஒரு சின்னச் சங்கிலி கூடவே வரும், தரையில உரசுற மாதிரி. அதை ஆட்டுக்குட்டிக்குக் கட்டிராத. தூள் பிளாஸ்டிக் குழாய்ல ஓடுறப்ப கரண்டு சேரும், சங்கிலி அதை மண்ணுக்குள்ள எறக்கிவிடும். சங்கிலி இல்லைன்னா சுருக்குன்னு அடிக்கும். கந்தகம் பத்திக்கிற சரக்கு, நான் வேற சொல்லணுமா?

அடிச்சு முடிச்சா? முடிஞ்சது வேலைன்னு வாழைமரத்துல மாட்டிட்டு டீக்கடைக்கு ஓடுற. மூணு தடவை நல்ல தண்ணியில அலசு. அலசுன தண்ணியை முல்லைப் பெரியாத்து வாய்க்கால்ல ஊத்தாத, கிணத்தடியிலயும் ஊத்தாத. மருந்தடிச்ச அதே பந்தலுக்கே தெளிச்சு விடு. டேங்கு காலியானதும் ரெண்டு நிமிசம் வெறுங்காத்து ஓட விட்டா உள்ள ஈரம் காயும். சிலிண்டர் வெளிவரியில இலை, தூசி அடைஞ்சா இஞ்சின் காத்தில்லாம வேகும், தொடை. ஏர் ஃபில்டர் பஞ்சை வாரம் ஒரு தடவை சோப்புத்தண்ணியில அலசி நல்லாக் காய வச்சுப் போடு. தூசி அடைஞ்சா பெட்ரோல் குடிக்கும், புகை கக்கும், நீ பிளக்கைத் திட்டுவ. பிளக்கையும் கழட்டிக் கரி சொரண்டு, இடைவெளி 0.6, 0.7 மில்லிமீட்டர் இருக்கணும். அதிர்வுல நட்டு தளரும், வாரத்துக்கு ஒருக்கா ஸ்பேனரைக் கையில எடு.

மிஷின் மாசக்கணக்குல சும்மா இருக்கிறப்ப பெட்ரோலோட வைக்காத. இப்பப் பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், தண்ணி தனியாப் பிரிஞ்சு அடியில நிக்கும், கார்புரேட்டருக்குள்ள ரப்பரைக் கெடுக்கும். டேங்கை வடிச்சிட்டு, தானா நிக்கிற வரைக்கும் ஓட விடு. பிளக்கைக் கழட்டி ஒரு ஸ்பூன் டூ-டி ஆயில் ஊத்தி, கயித்தை மெதுவா ரெண்டு தடவை இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டு. அடுத்த பருவத்துல ஒரே இழுப்புல எந்திரிக்கும். கலந்து வச்ச பழைய பெட்ரோலைத் தூக்கி எறிய மனசு வராது உனக்கு, தெரியும். ரெண்டு மூணு வாரத்துக்கு மேல வைக்காத, தேவைக்கு மட்டும் கலக்கு.

காலி டப்பாவுல எம் மகளுக்கு மண்ணெண்ணெய் வாங்கியாந்து குடுக்காத. மூணு தடவை அலசி, அலசுனதை டேங்குலயே ஊத்தி, டப்பாவுல ஓட்டை போடு. ஓட்டை போட்ட டப்பாவுக்கு வீட்டுல வேலை இருக்காது.

அப்புறம், அடிக்கிறப்ப தலை சுத்துனா, வாயில எச்சில் கொட்டுனா, கண் மங்குனா, சதை துடிச்சா, "வெயில் மாமா"ன்னு சமாளிக்காத. மிஷினை எறக்கி, உடுப்பைக் கழட்டி, சோப்புப் போட்டு ஒடம்பைக் கழுவி 108-க்குப் போன் அடி. மருந்து டப்பாவையோ சீட்டையோ கூடக் கொண்டு போகணும். பூச்சி மருந்துல சிலதுக்கு டாக்டர் ஆட்ரோபின் போடுவாரு, என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் போட முடியும். பால், புளித்தண்ணி, உப்புத்தண்ணின்னு ஊர்க்கெழவிங்க ஓடி வருவாங்க. வைத்தியம் பாக்குற ஆசை அவங்களுக்கு. வாயில ஒண்ணும் ஊத்த விடாத. அவங்களை நான் பாத்துக்குறேன்.

கடைசியா என் சொந்தச் சங்கதி. அந்த வரப்புல கோரை மண்டிக் கெடக்கே, அதுக்கு டூ-ஃபோர்-டி வாங்கி இந்த மிஷின்லயே ஊதலாம்னு கடையில பேசிக்கிட்டு இருந்தியாம். கடைக்காரர் எனக்கு ஒண்ணுவிட்ட பங்காளி, அரை மணி நேரத்துல சேதி வந்துருச்சு. மாப்ளே, களைக்கொல்லிக்கு இந்த மிஷின் வேண்டவே வேண்டாம். அதுக்குப் பெரிய துளி விழுற கைப்பம்பு, தனியா, குழாய் நுனிக்கு மூடி போட்டு, தரையோட தரையா. திராட்சைக்கு டூ-ஃபோர்-டின்னா ஆகவே ஆகாது. துளி மிதந்து வந்து படுற அளவு போதும், இலை சுருங்கும், நரம்பு ஒண்ணோடொண்ணு நெருங்கும், விசிறி மடிப்பு மாதிரி நிக்கும், கொத்து காயும். டேங்குல கழுவாம மிஞ்சுன வாடை போதும், உன் பந்தலும் போகும். மேகாத்துல கெழக்கால யாரு தோட்டம்? என்னது. 2023-ல புவிசார் குறியீடு வாங்குன பன்னீர் திராட்சை, என் பந்தல்ல கொத்துக் கொத்தாத் தொங்குது. உன் ஒடம்பைப் பத்தி நான் இம்புட்டு நேரம் கவலைப்பட்டதா நெனச்சிருப்ப. அது எம் மக பாத்துக்குவா. எனக்கு என் கொடி.

வலையைக் குப்பையில தேடி எடுத்து மாட்டு. வாசர் வாங்கு. நாளைக்குச் சாயங்காலம் காத்து அமந்தா என் பந்தலுக்கும் ஒரு ஆறு டேங்கு அடிக்கணும், மிஷினை இங்கயே விட்டுட்டுப் போ. பெட்ரோலை நீயே கலந்து ஊத்தி வச்சிரு மாப்ளே. லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில்னு எனக்கெல்லாம் எங்க தெரியும்.